ரேம்ப் வாக் போகலாமா மாப்ள?

தலைப்பைப் பார்த்துட்டு, கல்ச்சுரல்ஸ்ல கலர் கலரா லைட் போட்டு பூனை நடை நடக்கற மேட்டர்னு நினைச்சு உள்ளே வந்திருந்தீங்கன்னா... ஸாரி பாஸ், ஏமாந்துட்டீங்க. இது வேற ரேம்ப். இதுல ஏறப்போறது உங்க அப்பாவோட கார்.

கும்பகோணத்துல மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணே, வீட்ல பழைய மாருதி 800 நிக்குது. லீவுக்கு வந்திருக்கேன், ஆயில் நானே மாத்தலாம்னு இருக்கேன். கார் ரேம்ப் ஒரு ஜோடி வாங்கணும். இரும்புல வாங்கறதா, பிளாஸ்டிக்கா?"

நல்ல கேள்வி. ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் அவர்கிட்டே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, உங்க வீட்டு வாசல் மண்ணா, சிமென்ட்டா?" அவர் குழம்பிட்டார். ரேம்ப்புக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? சொல்றேன். அதுக்குத்தான் இந்த வாரம் முழுப் பக்கமும்.

முதல்ல ஒரு பெருமை. ரேம்ப் விஷயத்துல தஞ்சாவூர்க்காரனுக்கு யாரும் கிளாஸ் எடுக்க முடியாது. 1010-ல ராஜராஜ சோழன் கட்டி முடிச்ச பெரிய கோயில் விமானம் 216 அடி உயரம். உச்சியில இருக்கறது 80 டன் ஒரே கல்லு, அதை சாரப்பள்ளத்துலேருந்து சாரம் கட்டி யானைகளை விட்டு இழுத்து ஏத்தினாங்கன்னு நம்ம பாட்டிங்க கதை சொல்லித்தானே சோறு ஊட்டினாங்க? அது ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தினதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. இருக்கட்டும். கதையை அப்படியே வெச்சுக்கிட்டு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஆறு கிலோமீட்டர் தூரத்துலேருந்து சரிவு கட்டினா, 66 மீட்டர் ஏறறதுக்கு 6,000 மீட்டர் நீளம். ஏறக்குறைய 90 அடி நடந்தா ஒரு அடி ஏத்தம். சாதாரண கார் ரேம்ப்ல 2 அடி சரிவுலயே அரை அடி ஏறியாகணும். அதாவது நாலுக்கு ஒண்ணு! கதையில வர்ற யானைக்குக் கிடைச்ச சொகுசு நம்ம மாருதிக்குக் கிடையாது.

சரி, காருக்கு அடியில எட்டிப் பார்க்கணும்ங்கற ஆசை எதுக்கு? டெல்டாவுல கார் வெச்சிருந்தா காரணம் தேடி அலைய வேண்டாம். தை மாசம் அறுப்பு வந்தா பாதி ரோடு களமா மாறிடும். நெல்லு ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம், பின்னாடியே உளுந்துச் செடி, பயத்தஞ்செடி. மேலே ஏத்தி ஓட்டிட்டு வந்துடறோம். அடியில வைக்கோல் ஆக்சில்ல சுத்திக்கிட்டு, சைலன்சர்ல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ஓடற காரோட சைலன்சர் பைப்பும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பல நூறு டிகிரி சூட்டுல இருக்கும். காஞ்ச வைக்கோலுக்கு அது போதும். ரோட்டுல காயப் போட்ட செடி அடியில சிக்கி கார் எரிஞ்சு போச்சுன்னு தமிழ்நாட்டுல செய்தி வர்றது புதுசு இல்லை. இதோட அறுப்பு முடிஞ்சதும் வயல் எலிங்க ஊருக்குள்ள ஷிஃப்ட் ஆகி ஒயரைக் கடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில தேங்கின தண்ணியில ஓட்டினதுக்குத் துரு பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்னா உப்புக் காத்து வேற. நம்ம ஊர் வேகத்தடைகள் ஆயில் சேம்பருக்குப் பண்ற மரியாதையைத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆசைப்படறது தப்பே இல்லை. எப்படிப் பார்க்கறோம்ங்கறதுலதான் மேட்டர்.

2005 நவம்பர். தீபாவளி முடிஞ்ச வாரம், விடாத மழை. திருவையாறு பக்கத்துல எங்க சித்தப்பா வீடு. அவர்கிட்டே ஒரு அம்பாசடர் இருந்தது. ஒரு டன்னுக்கும் மேலே எடை. சைலன்சர் கிளாம்ப் உடைஞ்சு ரோட்டைத் தேய்ச்சுக்கிட்டு வந்துது. சித்தப்பா சளைக்காத ஆளு. கொல்லையில வண்டியை விட்டு, செங்கல் மேலே ஜாக்கியை வெச்சு, ஒரு பக்கமாத் தூக்கி, மல்லாக்கப் படுத்து உள்ளே போயிட்டார். மழை விட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் வெளியே உக்காந்து ஸ்பானர் எடுத்துக் குடுக்கற அசிஸ்டென்ட். கழட்டின ஸ்டெப்னியை இடைஞ்சலா இருக்குன்னு அவரேதான் காருக்கு அடியில தள்ளி வெச்சிருந்தார்.

"பதினாலு இல்லடா, பன்னண்டு குடு"ன்னு சொல்லிட்டு, ஸ்பானர் வாங்கறதுக்காகத் தலையை வெளியே எடுத்தார். அப்போதான் அது நடந்தது. சினிமாவுல காட்டற மாதிரி டமால்னு சத்தமெல்லாம் இல்லை. செங்கல் ஒரு மூலையில சேத்துக்குள்ள இறங்குச்சு, ஜாக்கி மெல்லச் சாய்ஞ்சது, கார் சும்மா உக்கார்ந்துச்சு. அவ்வளவுதான். ஸ்டெப்னி மேலே வந்து நின்னுது. சித்தப்பாவோட ஒரு கை மட்டும் உள்ளே. முழங்கையில தோல் பிஞ்சதோட போச்சு. தலையை எடுக்க ரெண்டு நொடி தாமதமாகியிருந்தா, அந்த ஸ்டெப்னி அங்கே இல்லாம இருந்திருந்தா... வேணாம் விடுங்க. சித்தி அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி அந்த ஜாக்கியை எடுத்துக் கிணத்துல போட்டுட்டாங்க.

இதுல தப்பு எங்கே? ஜாக்கி நல்ல ஜாக்கி. அம்பாசடர் நல்ல கார். தப்பு பண்ணினது தரை. காவிரி கொண்டு வந்து கொட்டின வண்டல்ல, களிமண்ல நாம உக்காந்திருக்கோம். காஞ்சா கருங்கல் மாதிரி இருக்கும், வெடிச்சுப் போகும். நனைஞ்சா வெண்ணெய். பங்குனி வெயில்ல லாரி தாங்கற அதே கொல்லை, கார்த்திகையில ஒரு சைக்கிள் ஸ்டாண்டைத் தாங்காது. தஞ்சாவூர்லேருந்து வல்லம் பக்கம் போயிட்டா செம்மண் மேடு, கதை வேற. அங்கே படிக்கிற பசங்க ஹாஸ்டல் வாசல்ல தைரியமா வேலை பார்த்த பழக்கத்துல, லீவுக்கு மன்னார்குடி வந்து வயலோரத்துல அதையே செய்தா வம்புதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஆல்டோ சைஸ் கார், சுமார் 730 கிலோன்னு வெச்சுக்குவோம். முன்வீல் டிரைவ் கார்ல இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் முன்னாடிங்கறதால நூத்துக்கு அறுபது பங்கு எடை முன்னாடி. ஒரு முன் சக்கரத்துக்கு 220 கிலோ கிட்ட வரும். காரோட குடுக்கற ஜாக்கியோட பாதம் 15 செ.மீ.க்கு 10 செ.மீ. இருக்கும்னா 150 சதுர செ.மீ. ஒரு சதுர சென்டிமீட்டர் மேலே ஒண்ணரை கிலோ. அதே எடை 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் உள்ள ரேம்ப் மேலே உக்காந்தா 1,500 சதுர செ.மீ. பத்துல ஒரு பங்குதான் அழுத்தம். ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு வயல்ல இறங்கறதுக்கும், பலகை போட்டுக்கிட்டு இறங்கறதுக்கும் உள்ள வித்தியாசம். நம்ம ஊருக்கு ரேம்ப் ஏன் பொருத்தம்னு கேட்டா இதுதான் முதல் காரணம். ரெண்டாவது, அதுல ஏத்தம் இறக்கம் பண்ற திருகு, ஆயில் சீல்னு நழுவற சமாச்சாரம் எதுவும் இல்லை. நிக்கும், அவ்வளவுதான்.

அதுக்காக நனைஞ்ச களிமண்ல ரேம்ப் போடலாம்னு அர்த்தம் இல்லை. ரெண்டு ரேம்ப்ல ஒண்ணு மட்டும் இறங்கினாலும் கார் ஒரு பக்கமாச் சாயும். சிமென்ட் தரை வேணும். வீட்ல இல்லைன்னா சொந்தக்காரங்க வீட்டு சிமென்ட் களம் இருக்கும், கேட்டுப் பாருங்க. நெல்லு காயாத மாசத்துல சும்மாத்தானே கிடக்கு?

குழி தோண்டிக்கலாமேன்னு ஒருத்தர் கேட்பார். கேரளாவுல, கோயம்புத்தூர்ல வொர்க்‌ஷாப்ல பார்த்திருப்பார். பழைய டெல்டாவுல மழைக்காலத்துல குழி தோண்டினா அது பிட் இல்லை பாஸ், குட்டை. தவளை கத்தும். இன்னொண்ணு, பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம். பள்ளத்துல போய்த் தேங்கி நிக்கும். ஒரு ஸ்விட்ச் பொறி போதும். நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்கள்ல ரெண்டு சிமென்ட் சுவரைச் சரிவாக் கட்டி மேலே ஏத்தறாங்களே, அது அனுபவத்துல வந்த ஐடியா. கீழே போறதுக்குப் பதிலா மேலே போயிட்டாங்க!

இப்போ கடைக்குப் போவோம். ரேம்ப்புல "இவ்வளவு கிலோ தாங்கும்"னு எழுதியிருக்கும். எழுதாத ரேம்ப்பை எடுத்த இடத்துலேயே வெச்சுட்டு வந்துடுங்க. ஆஸ்திரேலியாவுல இந்த வீட்டு ரேம்ப்புக்குன்னே 2010-ல கட்டாய விதி இருக்கு, தாங்கற எடையை ரேம்ப் மேலேயே குறிச்சாகணும். நம்ம கடைகள்ல நாமதான் கேட்டு வாங்கணும். கேட்கும்போது ஒண்ணைத் தெளிவாக் கேளுங்க: இந்த எடை ஒரு ரேம்ப்புக்கா, ஜோடிக்கா, இல்லை முழு காரோட எடையா? சில கம்பெனிங்க முழு காரோட எடையைப் போட்டிருப்பாங்க, அதுல ஒரு முனை மட்டும்தான் ரேம்ப்புல ஏறும்ங்கற கணக்குல. அதை ஒரு ரேம்ப்போட எடைன்னு புரிஞ்சுக்கிட்டா நாலு மடங்கு தப்புக் கணக்கு. கடைக்காரர் தலையைச் சொறிஞ்சார்னா, குறைஞ்ச அர்த்தத்தை எடுத்துக்குங்க.

பிளாஸ்டிக்கா இரும்பா? தம்பிக்கு என் ஓட்டு, கம்பெனி பேரும் எடையும் போட்ட பிளாஸ்டிக். லேசா இருக்கும், துருப் பிடிக்காது, அகலமான அடிப்பாகம். அதுக்கு எதிரி ரெண்டு. ஒண்ணு வெயில். மாடியில வருஷக் கணக்கா காயப் போட்டா பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயிடும், வெள்ளை வெள்ளையாக் கோடு விழும். அந்தக் கோடு தெரிஞ்சா பழைய இரும்புக்காரருக்குக் கூட வேணாம், உடைச்சுப் போட்டுடுங்க. இன்னொண்ணு வழுவழு தரை. போர்ட்டிகோவுல டைல்ஸ் போட்டவங்க கவனிக்க.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில அடிச்சுக்கறது நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச ரூட்டு. தப்பு சொல்லலை. தஞ்சாவூர், கும்பகோணம் பட்டறைகள்ல டிராக்டர் டிரெய்லரே அடிக்கறாங்க, ரேம்ப் என்ன பெரிசு? ஆனா நீங்கதான் பக்கத்துல நின்னு சொல்லணும். டயர் அகலத்தைவிட ரேம்ப் அகலம் தாராளமா இருக்கணும். மாருதி 800 டயர் 145 மில்லிமீட்டர், ரேம்ப் 25 செ.மீ. இருந்தா ஸ்டியரிங் கொஞ்சம் கோணினாலும் சக்கரம் விழாது. மேல் தட்டு சமமா இருக்கணும், டயர் முழுசா உக்கார்ற நீளம் வேணும், முனையில ரெண்டு இன்ச் தடுப்புக் கட்டை வெல்டு பண்ணணும். மேலே வழுக்காத செக்கர் பிளேட். முக்கியமா, நாலு காலை மட்டும் நிக்க வெச்சுட்டு "முடிஞ்சுது சார்"னு சொல்லுவாங்க. விடாதீங்க. கால்களுக்கு நடுவுல குறுக்குச் சட்டம், சாய்வுச் சட்டம் ரெண்டும் வேணும், இல்லைன்னா கார் ஏறும்போது ரேம்ப் மடங்கிப் படுத்துடும். காலுங்க தரையைத் தொடற இடத்துல சுத்திலும் ஆங்கிள் ஓடணும். வெல்டிங்கை பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாருங்க. பெயின்ட் அடிச்சதுக்கப்புறம் எல்லா வெல்டிங்கும் அழகுதான்.

வெல்டிங் மேட்டர்ல பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிடாதீங்க. 2020-ல அமெரிக்காவுல ஹார்பர் ஃபிரைட்ங்கற பெரிய டூல்ஸ் கம்பெனி, காரைத் தாங்கற ஸ்டாண்டுகளை 17 லட்சத்துக்கும் மேலே திரும்ப வாங்கிச்சு. பல் சரியாக் கவ்வாம நழுவலாம்னு காரணம் சொன்னாங்க. அதுக்குப் பதிலா வேற மாடல் ஸ்டாண்டைக் குடுத்தாங்க. அதுல சிலதுல வெல்டிங் கோளாறு, அதையும் திரும்ப வாங்கினாங்க! அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதின்னா, நாம வாங்கற பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

செங்கல் அடுக்கறது, ஹாலோ பிளாக் வைக்கறது... ரெண்டுக்கும் பெரிய கும்பிடு. சுவர்ல பரவலா எடை இறங்கினா தாங்கற கல், ஒரு மூலையில குத்துச்சுன்னா விரிசல் காட்டாமலேயே பொடியாகும். மரம் பரவாயில்லை. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைச்சா அதிர்ஷ்டம். மரம் உடையறதுக்கு முன்னாடி முனகும், நமக்கு நேரம் குடுக்கும். தென்னங்கட்டை வேணாம், உள்ளே சோறு மாதிரி இருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அட்டை டெஸ்ட். ரேம்ப்போட சரிவு அளவுக்கு ஒரு அட்டையை முக்கோணமா வெட்டிக்குங்க. 2 அடிக்கு அரை அடி உயரம்னா அது 14 டிகிரி. கார் முன்னாடி தரையில அதை நிறுத்தி டயரை நோக்கி மெல்லத் தள்ளுங்க. டயரைத் தொடறதுக்கு முன்னாடி பம்பரைத் தொட்டுச்சுன்னா அந்த ரேம்ப் உங்க காருக்கு ஆகாது. மாருதி 800-க்குப் பெரும்பாலும் பிரச்னை வராது, மூக்கு குட்டை. நீள மூக்கு வெச்ச செடான் காருங்கதான் முட்டும். அப்போ சரிவு நீளமா உள்ள ரேம்ப் பாருங்க. இந்த அஞ்சு நிமிஷ டெஸ்ட்டைப் பண்ணாம ரேம்ப் வாங்கி, பம்பரைப் பேத்துட்டு, இப்போ அதை ஷூ ஸ்டாண்டா வெச்சிருக்கிற ஒரு நண்பர் எனக்கு இருக்கார்.

ஏத்தறது எப்படி? இங்கே கொஞ்சம் பிசிக்ஸ். அம்பாசடர், ஆம்னி மாதிரி பின் சக்கரம் தள்ற வண்டியில, முன் சக்கரம் சும்மா ரேம்ப்புல முட்டும். முட்டற வேகத்துல ரேம்ப் முன்னாடி ஓடப் பார்க்கும். நம்ம மாருதி 800 மாதிரி முன் சக்கரமே இழுக்கற வண்டியில தலைகீழ். ஆக்சிலேட்டரை உறுமவிட்டா டயர் ரேம்ப்பைப் பின்னாடி, காருக்கு அடியில வாரி விடும். அதே வண்டியை ரிவர்ஸ்ல பின் சக்கரத்தை ஏத்தப் போனா மறுபடியும் ரேம்ப் ஓட்டம் பிடிக்கும். அதனால ரேம்ப்புக்கு அடியில ரப்பர் மேட் போடுங்க. ஸ்டியரிங் நேரா. ஒரு ஆள் வெளியே, பக்கவாட்டுல நின்னு கை காட்டணும். முன்னாடி நிக்கக் கூடாது, தம்பி, தங்கச்சி யாரா இருந்தாலும் சரி. ஃபர்ஸ்ட் கியர்ல எறும்பு மாதிரி ஏத்துங்க. தடுப்புல சக்கரம் லேசாத் தட்டினதும் நிறுத்தம். அதைத் தாண்டி ஒரு இன்ச் ஆசைப்பட்டீங்கன்னா கார் அந்தப் பக்கம் இறங்கிடும்.

ஏத்தியாச்சா? ஹேண்ட் பிரேக் போடுங்க. கியர்ல விடுங்க. அப்புறம் தரையில இருக்கற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை. "முட்டுக்கட்டை போடாதே"ன்னு அப்பாவைத் திட்டறோமே, அந்த வார்த்தையோட நிஜ அர்த்தத்தைப் பார்க்கணும்னா திருவாரூர் போங்க. அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன் ஆழித் தேர். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் குடுத்த தேர் அது. இருந்தும் சக்கரத்தோட சக்கரமா ஓடி முட்டுக்கட்டை போடறவங்க வேலை போகலை. 300 டன் தேருக்கே மரக்கட்டையை நம்பறாங்க, நாம ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் நம்பறோம்! அந்த ஹேண்ட் பிரேக் பெரும்பாலான காருங்கள்ல பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அதனால பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கினீங்கன்னா பிரேக் பிடிச்ச சக்கரம் ரெண்டும் அந்தரத்துல. முன் சக்கரம் ஜாலியா உருளும். இது தெரியாமத்தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

உள்ளே போறதுக்கு முன்னாடி காரைக் கையால நல்லா ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க. விழறதா இருந்தா நீங்க வெளியே இருக்கும்போதே விழட்டும். வீட்ல யாராவது ஒருத்தருக்குச் சொல்லிட்டுப் போங்க. சித்தப்பா மாதிரி கழட்டின ஸ்டெப்னியைக் காருக்கு அடியில தள்ளி வைங்க, ஆனா இடைஞ்சலா இருக்குன்னு இல்லை, தெரிஞ்சே வைங்க.

ரேம்ப்பால ஆகாத வேலையும் இருக்கு. சக்கரம் ரேம்ப் மேலே உக்காந்திருக்கறதால சக்கரத்தைக் கழட்ட முடியாது. பிரேக் ஷூ, டயர் மாத்தறது, சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டுல இறக்கித்தான் செய்யணும். ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு இல்லை. ஜாக்கிக்கு அடியில ஒண்ணரை அடி சதுரத்துல, ஒண்ணரை இன்ச் கனத்துல ஒரு பலகை போட்டா முன்னாடி போட்ட கணக்குப்படி அழுத்தம் பத்து மடங்குக்கும் மேலே குறையும். ரோட்டோரத்துல பஞ்சர் ஆனாலும் இந்தப் பலகை காப்பாத்தும். டிக்கியில போட்டு வைங்க. எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கறவங்க, அடியில பாட்டரி இருக்கறதால கம்பெனி குறிச்ச பாயின்ட் தவிர வேற எங்கேயும் ஜாக்கியைக் குடுக்காதீங்க.

உண்மையைச் சொல்லட்டுமா? பாதிப் பேருக்கு ரேம்ப் தேவையே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தறதுக்காக மட்டும்னா, கூலி குடுத்து சர்வீஸ் ஸ்டேஷன்ல பக்கத்துல நின்னு கத்துக்கறது லாபம். மாருதி 800, அம்பாசடர் ரெண்டோட உற்பத்தியும் 2014-லேயே நின்னுபோச்சு. அந்த மாதிரி பழைய வண்டியை ஆசையா வெச்சிருக்கறவங்க, வாராவாரம் அடியில எட்டிப் பார்க்கற வைக்கோல் சீசன் கேஸுங்க, மெக்கானிக்கல் படிச்சுட்டு சேம்பரைக் கண்ணாலயே பார்க்காத நம்ம தம்பி மாதிரி ஆளுங்க... இவங்களுக்குத்தான் ரேம்ப்.

தம்பி, ஆயில் மாத்தும்போது ரெண்டு விஷயம். கார் சாய்வா நிக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து "ஆயில் கம்மியா இருக்கே"ன்னு இன்னும் ஊத்திடாதீங்க. கீழே இறக்கி, சமதரையில நிறுத்தி, அஞ்சு நிமிஷம் விட்டு அளவு பாருங்க. இன்னொண்ணு, வடிச்ச கறுப்பு ஆயில். அதை வாய்க்கால்ல ஊத்தினா, தண்ணி மேலே கலர் கலராப் பாடை கட்டிக்கிட்டு நேரா யாரோட நாத்தங்காலுக்கோ போகும். சட்டப்படியே அது அபாயக் கழிவு. கேன்ல புடிச்சு, ஆயில் வாங்கின கடையிலயோ சர்வீஸ் ஸ்டேஷன்லயோ குடுத்துடுங்க, மறுசுழற்சிக்கு எடுத்துக்கறவங்க இருக்காங்க.

வாசல் சிமென்ட்டுதானாம், தம்பி பதில் அனுப்பியிருக்கார். ஆனா நடுவுல அம்மா துளசி மாடம் கட்டி வெச்சிருக்காங்களாம், ரேம்ப் வெச்சா கார் அதுல முட்டும்ங்கறார். அம்மாகிட்டே பேசிப் பாருங்க தம்பி. மாடத்தை நகர்த்தச் சொல்லி இல்லை, எதிர் வீட்டு வாசலைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லி!

அடுத்த வாரம்: பழைய டயருக்கு வயசு பார்க்கறது எப்படி? டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், தேடி வைங்க.